அண்ணாச்சியின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஹனோவரில் நாங்கள் முதன்முதலாகப் பார்த்த பூசையில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஊரில் லத்தீன் பூசையும் புரியாதுதான். ஆனால் அது சின்ன வயதிலிருந்தே பழகிய புரியாமை. இது வேறு மாதிரி இருந்தது. நாங்கள் என்றால் நானும் நாகர்கோவில் அக்காவும். அறுபதுகளின் பிற்பகுதியில் ஜெர்மன் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் வேலைக்கென்று சாமியார்கள் ஏற்பாடு செய்து அனுப்பிய பெண்களில் நாங்கள் இருவர். நான் தூத்துக்குடிக்காரி. அக்கா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கப்பலில் ஏறிய நாள் முதல் எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது குளிரில் பல் கிட்டியது. எந்த டிராமில் ஏறுவது என்று தெரியாமல் நின்றோம். பின்னாலிருந்து ஒருவர் இங்கிலீஷில், எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அந்த ஊரில் நாங்கள் கேட்ட முதல் இங்கிலீஷ் அது. உயரமான மனிதர், ஐம்பதை ஒட்டிய வயது, காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. டிராம் ஓட்டுகிறவர்கள் போடும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். எங்களோடு கூடவே வந்து, டிராமில் ஏற்றி, எங்கே இறங்க வேண்டும் என்று ஓட்டுநரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

"நல்ல அண்ணாச்சி," என்றாள் அக்கா. அன்றிலிருந்து எங்களுக்குள் அவர் அண்ணாச்சிதான்.

அவர் ஜெர்மன்காரர் இல்லை, போலந்துக்காரர் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ஹனோவரில் கத்தோலிக்கர் குறைவு. அந்தக் கோயிலில் பின் வரிசைகளில் உட்கார்ந்திருந்த பலர், யுத்தத்தில் கூலி வேலைக்கென்று பிடித்துவரப்பட்டு, முடிந்த பிறகு ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட போலந்துக்காரர்கள். இவர் அப்படி வந்தவர் அல்ல. இங்கிலீஷ் எங்கே படித்தீர்கள் என்று அக்கா கேட்டபோது, ஏதோ பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்வதுபோல, "இங்கிலாந்து விமானப் படையில. சண்டை விமானம் ஓட்டினேன்," என்றார்.

மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு எங்களை வீட்டுக்குக் கூப்பிடுவார். இரண்டு அறை வீடு. அவருக்கு டிராம் ஓட்டுகிற வேலை. அவருடைய மனைவி ஹனோவரிலேயே பிறந்து வளர்ந்தவர், ரொட்டிக் கடையில் வேலை. பேச்சு குறைவு, கை தாராளம். தட்டில் கேக்கை வைத்துவிட்டு நாங்கள் தின்று முடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் இல்லை. ஒருமுறை அக்கா ஊரிலிருந்து வந்த மிளகாய்ப்பொடி போட்டு அங்கே மீன் குழம்பு வைத்தாள். அண்ணாச்சி கண்ணில் நீர் வழிய வழிய முழுத் தட்டையும் சாப்பிட்டார். அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

யுத்தக் கதைகளை அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்த சில வாரங்களில் அவருடைய படைப்பிரிவு சிதறிவிட்டது. எல்லை தாண்டி ருமேனியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு. அங்கே முகாமில் அடைத்தார்கள். பெயிண்டர் என்று பொய்ப் பத்திரம் வாங்கிக்கொண்டு தப்பி, கப்பல் ஏறி பிரான்சுக்குப் போனார். பிரான்சும் விழுந்தது. கடைசியில் இங்கிலாந்து. அங்கே அவர்களை முதலில் நம்பவில்லையாம். பாஷை தெரியாதவர்களை எப்படி மேலே அனுப்புவது என்று, மூன்று சக்கர சைக்கிளில் ரேடியோவைக் கட்டி மைதானத்தில் ஓட்டவிட்டார்களாம். வலது பக்கம் திரும்பு என்றால் வளர்ந்த ஆண்கள் வரிசையாக மிதித்துக்கொண்டு வலது பக்கம் திரும்ப வேண்டும். போலந்தில் அவர் ஓட்டிய விமானத்தில் சக்கரம் எப்போதும் வெளியே நிற்கும். இங்கிலாந்து விமானத்தில் அது உள்ளே மடங்கும். அவருடைய சிநேகிதர் ஒருவர் இறங்கும்போது சக்கரத்தை வெளியே விட மறந்து, வயிற்றால் புல்லைச் சிரைத்துக்கொண்டு போய் நின்றாராம். "சண்டையில அவன் ஒருநாள்கூட அவ்வளவு பயப்படல," என்பார்.

எத்தனை விமானம் சுட்டீர்கள் என்று அக்கா ஒருநாள் கேட்டுவிட்டாள். அண்ணாச்சி தட்டில் கிடந்த கேக் தூளைக் கூட்டிச் சேர்த்தார். அவர் மனைவி காபிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கழுவிக் கொடுக்கலாம் என்று நான் பின்னாலேயே போனேன். ஹனோவரில் குண்டு விழுந்தபோது தன் தாயார் செத்துப்போனதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். "அவர் குண்டு போடற விமானத்துல இல்ல. அது எனக்குத் தெரியும்," என்றார். ஒரு கோப்பையைத் துடைத்து முடித்துவிட்டு, அதையே மறுபடியும் எடுத்துத் துடைத்தார்.

அண்ணாச்சி ஏன் இங்கிலாந்தில் தங்கவில்லை, ஏன் போலந்துக்கும் போகவில்லை என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. போலந்துக்குப் போக முடியாத காரணத்தை அவரே சொன்னார். யுத்தம் முடிந்தபோது நாடு ரஷ்யர்கள் கைக்குள் போயிருந்தது. இங்கிலாந்துப் படையில் இருந்தவர்கள் திரும்பிப் போனால் உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். நம்பிப் போன சிநேகிதர்கள் சிலர் சிறையில் கிடந்தார்கள். அவருடைய தாயார் உயிரோடு இருந்தும் அவர் போகவில்லை.

ஜெர்மனியில் தங்கிய காரணம் ஒரு கல்லறைத் திருநாள் அன்று தெரிந்தது. ஊரில் அன்றைக்கு நாங்கள் எல்லாரும் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். இங்கே எங்களுக்கு யாரும் இல்லை என்று அண்ணாச்சி தன்னோடு அழைத்துப் போனார். தோட்டத்தின் கோடியில், பிடித்துவரப்பட்ட போலந்துக்காரர்களையும் ரஷ்யர்களையும் புதைத்த இடம். சிறு சிறு கற்கள். அவர் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து வாசித்துவிட்டு மெழுகுவர்த்தி வைத்தார். அங்கே அவருடைய சொந்தம் யாராவது இருக்கிறார்களா என்று அக்கா கேட்டாள்.

"தெரியல. தேடறேன்," என்றார்.

அவருக்கு ஒரு தங்கை. அவர் எல்லை தாண்டிப் போனபோது பள்ளிக்கூடம் போகிற பெண். அடுத்த வருடம் அவளைத் தெருவில் பிடித்து ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து தாயாருக்கு இரண்டு தபால் அட்டைகள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. யுத்தம் முடிந்ததும் அவருடைய படைப்பிரிவு வட ஜெர்மனியில் வந்து இறங்கியது. விடுப்பு கிடைத்தபோதெல்லாம் முகாம் முகாமாகப் போய்த் தேடினார். படையைக் கலைத்தபோது மற்றவர்கள் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் போனார்கள். தங்கையைக் கண்டுபிடித்துவிட்டுப் போகலாம் என்று இவர் தங்கினார். தங்கினது தங்கினதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மொபெட்டில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போவார். கல்லறைத் தோட்டத்தைப் பார்ப்பார். வயதானவர்கள் யாராவது வாசலில் நின்றால் கேட்பார். எங்களைச் சாப்பிடக் கூப்பிடாத ஞாயிறுகளில் அவர் எங்கே போனார் என்று அப்போதுதான் விளங்கியது.

அண்ணாச்சி என்றால் என்ன அர்த்தம் என்று அதற்கு வெகுநாள் முன்பே ஒருமுறை கேட்டிருந்தார். மூத்த சகோதரர் என்று சொல்லியிருந்தோம். அப்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் அக்கா என் காதில், "ஏட்டி, நாம கூப்பிடுதது அவருக்குக் கஷ்டமா இருக்குமோ?" என்றாள். எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் போய் நாலைந்து வருடம் இருக்கும். அக்கா ஹம்பேர்க்கில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எனக்கு ஜெர்மன் நன்றாகவே வந்துவிட்டது. எங்கள் வார்டில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு கிழவி வந்து சேர்ந்தார். கணவன் இறந்த பிறகு ஹனோவரில் மகளோடு வந்து இருந்தவர். சொந்த ஊர் வடமேற்கே, ஹாலந்து எல்லைப் பக்கம், சதுப்பு நிலமும் மாட்டுப் பண்ணையுமான கிராமம். கிழவிக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. முதுகு துடைத்துவிடும்போது கதை சொல்வார். ஒரு நாள், உன்னை மாதிரியே ஒரு வேற்று நாட்டுப் பெண் எங்கள் பண்ணையில் இருந்தாள், கை உன் கை மாதிரியே வெதுவெதுப்பாக இருக்கும் என்றார். போலந்துப் பெண். தொழிற்சாலையில் குண்டு விழுந்த பிறகு அங்கே இருந்தவர்களைப் பண்ணைகளுக்குப் பிரித்து அனுப்பினார்களாம். என்ன ஆனாள் என்று கேட்டேன். செத்துப்போனாள், எங்கள் ஊரிலேயே புதைத்தோம் என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "விமானம் போற சத்தம் கேட்டா மேல பாப்பா. என் அண்ணன் அதுலதான் இருக்கான்னு சொல்லுவா. நாங்க நம்பல," என்றார்.

என் கையில் இருந்த துணி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். சொன்னார்.

அன்று மாலை வேலை முடிந்ததும் நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் வேலை முடிந்து வந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இறந்துவிட்டாள் என்பதை நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, பார்வையாளர் நேரம் எப்போது என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, தலை படிய வாரியிருந்தார். கிழவியின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டேன். போகலாமென்று திரும்பியபோது, இரு என்பதுபோல என்னைப் பார்த்தார்.

கிழவி நல்ல விதமாகத்தான் பேசினார். அந்தப் பெண் மாடு கறப்பதில் கெட்டிக்காரி, தன் குழந்தைகளுக்குப் போலந்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள், தன்னிடம் சொல்லாமல் ஒரு பிடி மாவு எடுத்ததில்லை என்றெல்லாம் சொன்னார். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு எப்படி இறந்தாள் என்று கேட்டார்.

யுத்தம் முடியப்போகிற சமயம். பால் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அந்தப் பெண்தான் வண்டி ஓட்டினாள். பின்னால் கொஞ்ச தூரத்தில் பின்வாங்கிப் போகிற சிப்பாய்கள். திடீரென்று தாழ்வாக விமானங்கள் வந்தன. அந்த நாட்களில் ரோட்டில் அசைவதையெல்லாம் சுட்டார்கள்.

"நாங்க எல்லாரும் பள்ளத்துல விழுந்து படுத்துட்டோம். அவ படுக்கல. வண்டி மேல எழுந்து நின்னா. கையைத் தூக்கிக்கிட்டு நின்னா," என்றார் கிழவி.

 அண்ணாச்சி ஜெர்மனில், மெல்லிய குரலில், விமானங்கள் எந்தப் பக்கமிருந்து வந்தன, இறக்கை எப்படி இருந்தது என்று கேட்டார். கிழவிக்கு அவர் அந்தப் பெண்ணின் அண்ணன் என்று தெரியும், நிஜமாகவே விமானத்தில் இருந்தவர் என்று தெரியாது. முகம் சேற்றில் இருந்தது, எனக்கு என்ன தெரியும் என்றார். எந்த வாரம் என்று கேட்டார். உருளைக்கிழங்கு நடுகிற வேலை ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது என்றார். அண்ணாச்சி எழுந்து, கிழவியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் வாசல் வரை கூடப் போனேன். படியில் நின்று தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, "அந்தப் பக்கம்தான் நாங்க பறந்தோம்," என்றார். "ரோட்டுல போற வண்டிங்களைச் சுடச் சொல்லி உத்தரவு. நானும் சுட்டேன். மேல இருந்து பாத்தா வண்டி ஒரு தீக்குச்சி மாதிரி இருக்கும். ஆள் தெரியாது."

அந்தப் பக்கம் இங்கிலாந்துக்காரர்களும் கனடாக்காரர்களும்கூடப் பறந்திருப்பார்கள், எத்தனையோ விமானங்கள் என்று நான் சொன்னேன். "ஆமா," என்றார். "அதையும் நான் நேத்து ராத்திரியிலிருந்து சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்." எப்படி இறந்தாள் என்று கிழவி சொல்லும் முன்பே அவர் மனத்தில் அது இருந்திருக்கிறது. எத்தனை வருடமாக இருந்ததோ.

அந்த வசந்த காலத்தில் நாங்கள் மூன்று பேரும் ரயிலேறி அந்த ஊருக்குப் போனோம். அவர் தேடப்போன இடத்துக்கெல்லாம் ஒருமுறைகூடப் போகாத மனைவி, அன்று தோட்டவேலைக் கரண்டியும் பூச்செடிகளும் வைத்த கூடையோடு ஸ்டேஷனில் எங்களுக்கு முன்பே நின்றிருந்தார். கல்லறையில் ஒரு மரச் சிலுவை, பெயர் அரைகுறையாக அழிந்திருந்தது. அவர் மனைவி மண்டியிட்டு மண்ணைக் கிளறிச் செடி நட்டார். அண்ணாச்சி தள்ளி நின்றார். செபம் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பெயரைச் சரியாக வெட்டிய கல் ஒன்று பிறகு வைத்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியவில்லை. பூசைக்கு வருவார், நன்மை வாங்க, அதாவது நற்கருணை அப்பம் வாங்க, எழுந்து போகமாட்டார். ஒருநாள் கோயில் வாசலில் அவரே சொன்னார்: "பாவசங்கீர்த்தனம் செஞ்சேன். செஞ்சோமா இல்லையான்னு தெரியாத பாவத்துக்கு மன்னிப்புக் கொடுக்கறது எப்படின்னு சாமியார் கேட்டார். நானும் அதைத்தான் அவர்கிட்ட கேட்டேன்." மொபெட் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. வந்து சீட்டாடிவிட்டுப் போ என்று அவர் மனைவி என்னைக் கூப்பிடுவார். ஆட்டத்தின் நடுவே அண்ணாச்சி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். "தேடிக்கிட்டிருந்த வரைக்கும் அவ உயிரோட இருந்தா," என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் தனியாகச் சொன்னார்.

தாயாருக்கு அவர் விஷயத்தை எழுதினார். கல்லறை கிடைத்தது, காய்ச்சலில் இறந்திருக்கிறாள் என்று எழுதினார். ஜெர்மனிக்கும் போலந்துக்கும் ஒப்பந்தம் ஆகி, வயதானவர்கள் சிலருக்கு வந்துபோக அனுமதி கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். மகள் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று தாயார் அலைந்து திரிந்து அனுமதி வாங்கிவிட்டார்.

ஹனோவர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது நானும் இருந்தேன். தலையில் துணி கட்டிய சின்ன உருவம், கையில் சமையலுக்கென்று நூலில் கோத்து உலர்த்திய காளான் மாலை. முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்க்காத மகனை அந்த அம்மாள் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தடவினார், காது, நெற்றி, தலைமுடி என்று. இவ்வளவு நரைத்துவிட்டதே என்றாராம். அதை மட்டும் அண்ணாச்சி எனக்கு மொழிபெயர்த்தார்.

கல்லறைக்கு அவர்கள் மூவரும் போய் வந்த மறுநாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் நர்ஸ் என்று அம்மாளுக்குச் சொல்லியிருந்தார்கள். காபி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மாள் கோப்பையைக் கீழே வைத்து, என்னைப் பார்த்துப் போலந்து மொழியில் ஏதோ கேட்டார். அண்ணாச்சி உடனே மொழிபெயர்க்கவில்லை. அம்மாள் அவர் முழங்கையைத் தொட்டு மறுபடியும் கேட்டார். அடுப்புப் பக்கம் நின்ற மனைவி திரும்பினார்.

"அம்மா கேக்கறாங்க," என்றார் அண்ணாச்சி. குரல் டிராமில் நிறுத்தத்தின் பெயர் சொல்கிற மாதிரி இருந்தது. "அந்தக் காய்ச்சல் ரொம்ப நாள் படுத்துமா, வலி இருந்திருக்குமான்னு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றேன். "அந்தக் காய்ச்சல் வந்தா சீக்கிரமே நினைவு தப்பிடும். வலி ஒண்ணும் தெரியாது. தூங்கற மாதிரிதான்."

அவர் அதைத் தாயாருக்குச் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். என்ன சேர்த்தார் என்று நான் கேட்கவில்லை. அம்மாள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். நாங்கள் மூன்று பெண்களும், மூவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லாமல், ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அம்மாள் ஊர் போய் இரண்டொரு வருடத்தில் இறந்துவிட்டார். அண்ணாச்சி அடக்கத்துக்குப் போகவில்லை, போகவும் முடியாது. எழுபதுகளின் முடிவில் அவருக்கு இதயம் பலவீனமாகி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். மூச்சு வாங்கும், ஆனாலும் எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எந்த டிராம் தாமதம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். தங்கை இருக்கும் ஊரிலேயே இடம் வாங்கட்டுமா என்று மனைவி ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்," என்றார். "அவ பக்கத்துல என்னை வைக்காதே."

அடக்கத்துக்கு ஹம்பேர்க்கிலிருந்து அக்கா வந்தாள். இங்கிலாந்திலிருந்து வயதான இரண்டு பேர் வந்தார்கள், கோட்டில் இறக்கைச் சின்னமும் பதக்கங்களும். அவரோடு பறந்தவர்கள். ஒவ்வொரு வருடமும் கூடுகிறோம், ஒருமுறைகூட வரவில்லையே, ஏன் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். அவரும் அதே வாரங்களில் அதே பக்கம் பறந்தவராகத்தான் இருப்பார். தெரியவில்லை என்று சொன்னேன். அக்கா என் பக்கத்தில் நின்று, "அண்ணாச்சி, அண்ணாச்சி," என்று ஊரில் அழுவதுபோலவே அழுதாள். ஜெர்மன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் வேலையை விட்டு ஊர் திரும்ப முடிவெடுத்தபோது விடைபெற அவர் மனைவியிடம் போனேன். மறுநாள் அந்தக் கிராமத்துக்குப் போகிறேன், வருகிறாயா என்றார். அவர் இறந்த பிறகும் மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்திருக்கிறார், இரண்டு ரயில் மாறி. போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லைத் துடைத்தார், களை பிடுங்கினார், வாடிய செடியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று நட்டார். தன் தாயாரைக் குண்டுக்குப் பிறகு மற்றவர்களோடு சேர்த்துத்தான் புதைத்தார்கள், அங்கே தனியாக ஒரு செடி வைக்க இடமில்லை என்று, மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

திரும்பும்போது ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். கைப்பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பாதி எனக்குக் கொடுத்தார். விரல் நகத்தில் மண் அப்படியே இருந்தது. இந்தப் பக்கத்து மண்ணில் ஈரம் அதிகம், ஹனோவரில் வராத பூகூட இங்கே நன்றாக வருகிறது என்றார். ரயில் வந்தது, ஏறினோம்.